கேட்டுத் தெளிதலும் கேளாது துணிதலும்: பஸ்கால் மொழியின் இடைமுக வகைமாற்றம் பற்றி ஒரு கண்டனம்

ஒரு மொழி எவற்றைச் சொல்ல இடந்தருகின்றது என்பதைக் கொண்டு மட்டும் அதன் இயல்பை அறிந்துவிட முடியாது. எவற்றைச் சொல்ல மறுக்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். தமிழ் இலக்கணகாரர் வழாநிலை கூறியதோடு அமையாது வழுவினையும் வகுத்துக் காட்டினர். காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும் வழுவை வழுவமைதி என வேறு பிரித்தனர். வழுவுக்கும் வழுவமைதிக்கும் இடையே அவர்கள் இட்ட கோடு காரணம் என்னும் கோடாகும். காரணங் காட்டக்கூடிய வழு அமைதி பெறும்; காரணங் காட்டமுடியாத வழு வழுவாகவே நிற்கும். கணினி மொழிகளுள் இத்தகையதோர் இலக்கணப் பண்போடு பிறந்தது பஸ்கால். ஆயின், அம்மொழியைக் கையாள்வோருட் பலர் அப்பண்பைக் கைநெகிழவிட்டுக் காரணங் காட்டாத வழுவையே அன்றாட வழக்காகக் கொண்டுள்ளனர். இப்போக்கு கண்டிக்கப்படவேண்டியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பிரச்சினை இதுதான். செய்நிரலின் ஒரு பகுதியிடம் ஒரு பொருள் வந்து சேருகின்றது. அப்பொருள் இன்ன பணியைச் செய்யவல்லது என்பதை அறிந்த பின்னரே அப்பணியை அதனிடம் ஒப்படைத்தல் முறை. அறிவதற்குரிய வழி, அப்பொருளையே வினவுதல். 'இந்த இடைமுகம் உன்னிடத்து உண்டா?' என வினவி, 'உண்டு' எனின் ஏவுதலும் 'இல்லை' எனின் வேறு வழி நாடுதலும் சோதித்தல் எனப்படும். மற்றைய வழி, வினவாமலே 'இது அந்த இடைமுகத்தை உடையதுதான்' எனச் சாதித்து, தொகுப்பானின் வாயை அடைத்து, மேலே செல்லுதல். இது வலிந்த வகைமாற்றம். இரண்டும் தாளில் ஏறக்குறைய ஒரே அளவு இடத்தையே கொள்கின்றன. ஆனால் ஒன்று அறிவின்பாற்பட்டது, மற்றது துணிச்சலின்பாற்பட்டது.

இத்தகைய விடயத்தில் கலைப்பீடத்தாருக்கு என்ன வேலை என வினவுவாரும் உளர். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு, பெயரிட்டு வழங்குவதற்குரிய தகுதி, தகுதியின்றிப் பெயரிடுதலால் விளையும் மயக்கம் ஆகியன மொழியாராய்ச்சியின் உயிர்நிலைகள். இடைமுக வகைமாற்றம் என்பது ஒரு பொருளை வேறொரு பெயரால் அழைப்பதன்றி வேறன்று. எப்பெயரால் எப்பொருளை அழைக்கலாம் என்னும் கேள்வி பொறியியற் பீடத்தின் தனிச்சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை.

பஸ்காலின் பிறப்பை நோக்கினால் இது தெளிவாகும். சூரிச் நகரிலுள்ள சுவிற்சர்லாந்துச் சமஷ்டித் தொழினுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய நிக்கிளவுஸ் விர்த் 1970 ஆம் ஆண்டளவில் இம்மொழியை உலகுக்கு அளித்தார். பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதவியலாளரான பிளேயிஸ் பஸ்காலின் பெயர் அதற்கு இடப்பட்டது. செய்நிரலாக்கத்தை ஒழுங்குபடக் கற்பித்தல் அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. ஒவ்வொரு மாறியும் இன்ன வகையினது என முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். ஒரு வகையினதைப் பிறிதொரு வகையின் இடத்தில் வைக்க முயன்றால் தொகுப்பான் மறுத்துவிடும். இம்மறுப்பு எழுதியவருடைய சிந்தனையில் எங்கு மயக்கம் உள்ளது என்பதைச் சுட்டும் விரலாகும். 1984 ஆம் ஆண்டில் ரியூறிங் விருது பெற்று, 2024 ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்த விர்த்தின் வாழ்நாட் பணியில் இவ்வொழுங்குணர்ச்சி இழையோடியதைக் காணலாம்.

எனினும் இவ்வொழுங்கிலும் ஒரு துளை இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. மாறுநிலைப் பதிவு என்னும் அமைப்பில் நினைவகத்தின் ஒரே இடத்தை இரு வேறு வகைகளாற் பெயரிட்டு வழங்க முடிந்தது. எவ்வகை தற்போது அங்குள்ளது என்பதைக் காட்டும் அடையாளப் புலத்தை எழுதாமலும் விடலாம். எழுதாது விட்டவன் முழுவெண்ணாக இட்டதைச் சுட்டியாக எடுத்துக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை. வலிந்த வகைமாற்றத்தின் மூதாதை இதுவேயாகும். முன்வாயிலிற் காவலிருக்கப் பின்வேலியாற் புகும் வழக்கம் மொழியின் குழந்தைப் பருவத்திலேயே தோன்றிவிட்டது.

இதற்கு எதிரான திசையிலிருந்தும் ஒரு கண்டனம் எழுந்தது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிரையன் கேர்னிகன், பஸ்கால் தமக்கு விருப்பமான மொழியன்று என்பதற்குக் காரணங்காட்டி 1981 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அணியின் அளவு அதன் வகையின் ஒரு கூறாக அமைந்தமையையும், தேவை நேர்ந்தவிடத்து வகைக் கட்டுப்பாட்டைக் கடந்து செல்ல வழியில்லாமையையும் அவர் குறைகூறினார். முறைமை மென்பொருள் எழுதுவோருக்கு அக்குறைகள் உண்மையான இடர்களே. ஆயின், வெளியேறுவதற்கு ஒரு வாயில் வேண்டும் எனக் கேட்பது வேறு. எந்நேரமும் அவ்வாயிலாலேயே போய்வருவது வேறு. பின்வந்த பஸ்கால் வழிமொழிகள் வாயிலைத் திறந்துவிட்டன. திறந்த நோக்கம் மறக்கப்பட்டு, வாயிலே வீதியாயிற்று.

பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் பஸ்காலுடன் இணைந்த வரலாறும் ஈண்டு நோக்கற்பாலது. அப்பிள் நிறுவனத்தில் லரி ரெஸ்லர் தலைமையிலான குழு விர்த்தின் ஆலோசனையுடன் 1985 ஆம் ஆண்டளவிற் பொருட் பஸ்காலை உருவாக்கியது. அண்டர்ஸ் ஹெயில்ஸ்பேர்க் எழுதிய தொகுப்பானைக் கொண்டு 1983 இல் ரேர்போ பஸ்காலை வெளியிட்ட போர்லண்ட் நிறுவனம், 1989 இல் அதன் 5.5 ஆம் பதிப்பிற் பொருள்களைச் சேர்த்தது. 1995 இல் டெல்பியை வெளியிட்டது. 1997 இல் வந்த டெல்பி 3 இடைமுகம் என்னும் வகையை மொழியின் உறுப்பாகவே ஆக்கியது. மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் கொம் என்னும் கூற்றுப்பொருள் மாதிரியோடு இணங்கிச் செல்லவேண்டிய தேவை இதற்கு உடனடிக் காரணமாயிற்று. கட்டற்ற மென்பொருளாகிய ஃபிறீ பஸ்காலும் பின்னர் இவ்வமைப்பை ஏற்றுக்கொண்டது.

இடைமுகம் என்பது ஒரு வாக்குறுதிப் பத்திரம். அதில் செயன்முறைகளின் பெயர்கள் உண்டு; அவை எவ்வாறு செய்யப்படும் என்னும் விவரம் இல்லை. ஒரு வகுப்பு அப்பத்திரத்திற் கையொப்பமிட்டால், அதில் உள்ள அனைத்தையும் செய்துதரக் கடமைப்பட்டதாகும். கொம் மரபைப் பின்பற்றும் ஒவ்வோர் இடைமுகத்திலும் முதல் மூன்று செயன்முறைகள் பொதுவானவை: வேறோர் இடைமுகம் உண்டா என வினவுவது ஒன்று, மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டுவது ஒன்று, குறைப்பது ஒன்று. வினவுதற்கு ஏதுவாக ஒவ்வோர் இடைமுகத்துக்கும் 128 இருமங்கள் கொண்ட அடையாள எண்ணொன்று இடப்படும். அவ்வெண் இடப்படாத இடைமுகம் பெயரில்லாத மனிதனைப் போன்றது. அதனை எவரும் பெயர்சொல்லி விசாரிக்க இயலாது. பொதுச் செயன்முறைகள் மூன்றனுள் வினவுதலே முதலாவதாக வைக்கப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. இடைமுகத்தின் இலக்கணம் கேள்வியோடு தொடங்குகின்றது.

கேட்பதற்கு மொழி இரு நேரிய வழிகளைத் தருகின்றது. 'சப்போட்ஸ்' என்னும் சார்பு ஆம், இல்லை என விடை கூறும். ஆம் எனின் இடைமுகத்தையும் கையில் தரும். 'அஸ்' என்னும் செயலி இல்லை என்னும் விடைக்கு இடமில்லை எனக் கருதுவோருக்குரியது. இடைமுகம் இல்லாதவிடத்து விதிவிலக்கொன்றை எழுப்பிச் செய்நிரலின் போக்கை நிறுத்தும். முன்னையது வினா, பின்னையது சாட்சியத்தோடு கூடிய கூற்று. இரண்டிலும் பொருள் விசாரிக்கப்படுகின்றது. மூன்றாவது வழியாகிய வலிந்த வகைமாற்றத்தில், இடைமுகமொன்றை மற்றோர் இடைமுகத்தின் பெயரால் அடைப்புக்குறிக்குள் இட்டு அழைக்கும்போது, எவரும் விசாரிக்கப்படுவதில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். நூலகச் செய்நிரல் ஒன்றில் நூற்பதிவு என்னும் வகுப்பு இரண்டு இடைமுகங்களை ஏற்றுள்ளதெனக் கொள்க. 'காட்டத்தக்கது' என்னும் இடைமுகத்தின் ஒரே செயன்முறை 'காட்டு'. 'நீக்கத்தக்கது' என்பதன் ஒரே செயன்முறை 'நீக்கு'. பொதுவான மூன்றும் முன்னிற்பதால் 'காட்டு' தன் அட்டவணையில் நான்காம் இடத்தில் உள்ளது. 'நீக்கு' என்பதும் தன் அட்டவணையில் நான்காம் இடத்திலேயே உள்ளது. 'நீக்கத்தக்கது' என்னும் இடைமுகத்தைக் கையில் வைத்திருப்பவர், வினவாமல், அதனைக் 'காட்டத்தக்கது' என வலிந்து பெயர்மாற்றிக் 'காட்டு' என ஏவுகின்றார். கணினி பெயரைப் பார்ப்பதில்லை. அட்டவணையின் நான்காம் இடத்தையே பார்க்கின்றது. நூற்பதிவு காட்டப்படாது, நீக்கப்படும். தொகுப்பான் ஒரு சொல்லேனும் எச்சரித்திராது. விதிவிலக்கு எதுவும் எழாது. செய்நிரல் வெற்றிகரமாக இயங்கியதாகவே தோன்றும்.

இங்கு ஒரு முரண் உண்டு. அந்த நூற்பதிவு 'காட்டத்தக்கது' என்னும் இடைமுகத்தை உண்மையிலேயே உடையது. கேட்டிருந்தால் 'உண்டு' என விடைகூறிச் சரியான அட்டவணைக்குரிய சுட்டியைத் தந்திருக்கும். ஆகவே, 'பொருள் அவ்விடைமுகத்தை உடையது என்பது எனக்குத் தெரியும். பின் எதற்குக் கேட்பது?' என்னும் வாதம் அடியோடு சாய்கின்றது. கேட்பது ஐயந்தீர்வதற்கு மட்டுமன்று. உரிய இடத்துக்கு வழிகாட்டப்பெறுவதற்குமாகும். ஊரில் ஒருவர் இருக்கின்றார் என்பதை அறிவது வேறு, அவர் வீட்டுக்கு வழி அறிவது வேறு.

இவ்வழுவைப் பெருக்குவதில் மொழிக்குறியீட்டுக்கும் பங்குண்டு. டெல்பியில் ஒரே அடைப்புக்குறி வடிவம் இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருள்படுகின்றது. பொருளொன்றை வேறு வகுப்பாக மாற்றினாற் சோதனை இல்லை. பொருளை இடைமுகமாக மாற்றினால், வகுப்பு அவ்விடைமுகத்தை அறிவித்துள்ளதா எனத் தொகுப்பான் நோக்குகின்றது. இடைமுகத்தை இடைமுகமாக மாற்றினால் மீண்டும் சோதனை இல்லை. டெல்பி 2010 முதலாக இடைமுகத்தை வகுப்பாக மாற்ற இடமளிக்கப்பட்டபோது, அங்கு இயங்குநேரச் சோதனை நிகழ்ந்து, பொருந்தாதவிடத்து வெறுமை விடையாகக் கிடைக்கின்றது. ஒரு வடிவம், மூன்று நடத்தை! கற்கும் மாணவன் ஓரிடத்திற் பெற்ற பாதுகாப்பை மற்றோரிடத்திலும் எதிர்பார்த்து ஏமாறுகின்றான்.

'அஸ்' என்னும் சொல்லின் பிற்கால வரலாறு இதனினும் விந்தையானது. டெல்பியைச் சமைத்த ஹெயில்ஸ்பேர்க் 1996 இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனத்துக்குச் சென்றார். 2000 ஆம் ஆண்டில் அறிமுகமான சி ஷார்ப் மொழியையும், 2012 இல் வெளியான ரைப்ஸ்கிரிப்ற் மொழியையும் உருவாக்குவதில் முதன்மை வகித்தார். டெல்பியில் 'அஸ்' தோற்றால் விதிவிலக்கு எழும். சி ஷார்ப்பில் அதே சொல் தோற்றால் ஓசையின்றி வெறுமை கிடைக்கும். ரைப்ஸ்கிரிப்ற்றில் அதே சொல் இயங்குநேரத்தில் எதனையும் சோதிப்பதில்லை. தொகுப்பின்போதே அது உதிர்ந்துவிடும். ஒரே மரபில் வந்த ஒரே சொல் சாட்சியமாகவும், வினாவாகவும், வெற்று உறுதியுரையாகவும் நிற்கின்றது. சொல்லை மட்டும் மனனஞ்செய்து பொருளை ஆராயாதவர் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரும்போது தம் காவலைத் தாமறியாமலே இழக்கின்றனர். பஸ்கால் பழைய மொழி, அதுபற்றிய வாதம் வீண் என்போருக்கும் இதுவே மறுமொழி. மொழி மாறலாம், வினா மாறவில்லை.

வலிந்த வகைமாற்றத்தை ஆதரிப்போர் பிறிதொரு வாதமாக வேகத்தை முன்வைப்பர். வினவும்போது வகுப்பின் இடைமுக அட்டவணை ஒவ்வொன்றாகத் தேடப்பட்டு அடையாள எண்கள் ஒப்பிடப்படுகின்றன. தாய்வகுப்புகளின் அட்டவணைகளும் தேவையாயின் தேடப்படுகின்றன. இது காலவிரயம் என்பர். காலம் செலவாவது உண்மை. ஆயின் ஆயிரம் முறை சுழலும் வளையத்தினுள் ஆயிரம் முறை கேட்கும்படி எவரும் பணிக்கவில்லை. வளையத்துக்கு வெளியே ஒருமுறை கேட்டு, விடையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே செல்லலாம். கேள்வியை வைக்கவேண்டிய இடத்தில் வைக்கத் தெரியாதவர் கேள்வியையே பழிப்பது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றதற்கு ஒப்பாகும்.

வேகத்தின் பெயராற் சோதனையைக் கைவிட்டதன் விலை எத்தகையது என்பதற்குச் செய்நிரலாக்க வரலாறு ஒரு சான்று வைத்துள்ளது. 1996 யூன் 4 ஆம் நாள் ஏரியன் 5 ஏவுகணை தன் முதற் பயணத்தில், புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன்னரே சிதறியது. 64 இருமங்கொண்ட மிதவைப்புள்ளி எண்ணொன்று 16 இருமங்கொண்ட முழுவெண்ணாக மாற்றப்பட்டதே மூலகாரணம். அம்முழுவெண் 32,767 இற்கு மேற்பட்டதைக் கொள்ளாது. இடருக்கு உட்பட்ட ஏழு மாறிகளுள் நான்குக்கே காப்பு இடப்பட்டிருந்தது. கணினியின் பணிச்சுமையைக் குறித்த எல்லைக்குள் வைத்திருப்பதற்காக ஏனைய மூன்றும் காப்பின்றி விடப்பட்டன. ஏரியன் 4 இற்கென எழுதப்பட்ட செய்நிரற் பகுதியே மாற்றமின்றி எடுத்தாளப்பட்டது. பழைய ஏவுகணையின் பாதையில் அவ்வெண் அவ்வளவு பெரிதாவதில்லை. புதியதன் பாதையிற் பெரிதாயிற்று. 'எனக்குத் தெரியும்' என்னும் உறுதி ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. சூழல் மாறியதும் அது பொய்யாயிற்று. பொய்யானதை அறியும் வழி விலக்கப்பட்டிருந்தது.

இச்சம்பவம் இடைமுகம் பற்றியதன்று, எண்மாற்றம் பற்றியது என மறுக்கலாம். அச்செய்நிரல் பஸ்காலில் அன்றி, பஸ்காலை அடியாகக் கொண்டு வகுக்கப்பட்ட அடா மொழியில் எழுதப்பட்டது என்பதும் உண்மை. ஆயின் இதிலிருந்து பெறப்படும் பாடம் இன்னும் நுண்ணியது. அம்மாற்றத்தின்போது விதிவிலக்கு எழவே செய்தது. அதனை ஏற்று ஆவன செய்வதற்கு எவரும் எழுதிவைக்கவில்லை; வழிகாட்டுக் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது; அதே செய்நிரலைக் கொண்ட துணைக் கணினிக்கும் அதே கதி நேர்ந்திருந்தது. எனவே, வலிந்த வகைமாற்றத்தை 'அஸ்' எனத் திருத்தி எழுதிவிட்டாற் கடமை தீர்ந்தது எனக் கருதுவோரும் பிழைபட்டவரே. இல்லை என்னும் விடை வந்தால் என் செய்வது என எண்ணாதவன் கேட்டும் கேளாதவனே. அன்றியும், 'அஸ்' வெறுமையை மறுப்பதில்லை. வெறுமையை இட்டால் வெறுமையே விடையாக வரும். 'சப்போட்ஸ்' மட்டுமே வெறுமைக்கும் 'இல்லை' எனத் தெளிவாகக் கூறும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஒரு வாதமே உண்மையில் வலியது. எங்கும் எதனையும் கேட்டுக்கொண்டே இருக்கும் செய்நிரல் நன்கு அமைக்கப்பட்ட செய்நிரல் அன்று என்பர். இஃது ஏற்கத்தக்கது. ஒரு செயன்முறைக்குக் காட்டத்தக்க பொருள்தான் வேண்டுமெனின், தன் அளவுருவின் வகையை 'காட்டத்தக்கது' எனவே அறிவித்தல் வேண்டும். அவ்வாறு அறிவித்தாற் சோதனையைத் தொகுப்பானே செய்துமுடிக்கும்; இயங்குநேரத்தில் வினா எழவேண்டியதில்லை. எதையும் ஏற்கும் பொதுவகையை அளவுருவாக அறிவித்துவிட்டு, உள்ளே பத்து வினாக்களை அடுக்குவது தன் கடமையைத் தள்ளிப்போடுதலாகும். கேளாமலே உண்மை உறுதிப்படும்படி எழுதுதல் தலை. கேட்டு எழுதுதல் இடை. கேளாது துணிதல் கடை. ஆனால் இவ்வாதத்தைக் கூறுவோருட் சிலர், தலையானதைச் செய்ய இயலாதவிடத்து இடையானதை விட்டுக் கடையானதற்குத் தாவுகின்றனர். வெளியிலிருந்து சேர்க்கப்படும் கூறுகள், பிறர் எழுதிய நூலகங்கள், காலப்போக்கிற் புதிய திறன் பெறும் பொருள்கள் ஆகியவற்றோடு உறவாடும் எல்லைப்புறத்தில் வினா தவிர்க்கமுடியாதது.

சோதனைக்கும் ஒரு முறைமை உண்டு. அதனை அறியாது சோதிப்பவர் சோதனையாலேயே கெடுவர். மேற்கோள் எண்ணிக்கை கொண்ட வகுப்பின் பொருளொன்றைப் படைத்து, அதனை இடைமுக மாறியில் இடாமற் பொருள் மாறியில் மட்டும் வைத்திருந்தால், அதன் எண்ணிக்கை பூச்சியமாகவே இருக்கும். இந்நிலையில் ஆம், இல்லை என்னும் விடையை மட்டும் வேண்டிச் 'சப்போட்ஸ்' சார்பை அழைத்தால், அது உள்ளே இடைமுகத்தைப் பெறும்; எண்ணிக்கை ஒன்றாகும். சார்பு முடியும்போது அவ்விடைமுகம் விடப்படும். எண்ணிக்கை மீண்டும் பூச்சியமாகும். பொருள் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 'உண்டு' என்னும் விடை வந்து சேரும். யாரைப் பற்றி அவ்விடை கூறப்பட்டதோ அவர் இறந்திருப்பார். இதனைக் காட்டிச் சோதனையே ஆபத்து எனக் கூறுவோர் உளர். குற்றம் சோதனையினது அன்று. ஒரே பொருளை இரு ஆட்சிகளின் கீழ் வைத்தவரதே. எண்ணிக்கை ஆட்சிக்கு உட்பட்ட பொருளைப் பிறந்த கணமே இடைமுக மாறியில் இட்டு வைத்தால் இவ்விடர் எழாது.

இதுபோன்றதே மற்றொரு முறைப்பாடும். வழித்தோன்றல் இடைமுகத்தை ஏற்றதாக அறிவித்த வகுப்பிடம் அதன் தாய் இடைமுகம் உண்டா என வினவினால் 'இல்லை' என விடை வருகின்றது. மகனை அறிந்தவர் தந்தையை மறுப்பது நியாயமா என்பர். வகுப்பு தான் கையொப்பமிட்ட பத்திரங்களை மட்டுமே ஒப்புக்கொள்ளும் என்பது மொழியின் விதி. இரண்டையும் ஏற்பதாயின் இரண்டையும் பட்டியலில் எழுதுதல் வேண்டும். விதி கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அது மறைவானதன்று. இவ்விடையால் எரிச்சலுற்று வலிந்த வகைமாற்றத்தை நாடுபவர், ஒரு சொல்லைப் பட்டியலிற் சேர்க்கும் உழைப்பை மிச்சப்படுத்தி, செய்நிரலின் நம்பகத்தன்மையை விலையாகக் கொடுக்கின்றார்.

தொல்காப்பியக் கிளவியாக்கம் ஐயத்தைப் பற்றிக் கூறும் முறை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தொலைவில் தோன்றுவது மரக்கட்டையோ மனிதனோ எனத் திணை ஐயம் எழுந்தால், இரண்டுக்கும் பொதுவான சொல்லாற் கூறுக என்பது அதன் கருத்து. ஆணோ பெண்ணோ எனப் பால் ஐயம் எழுந்தால் அத்திணைக்குரிய பன்மையாற் கூறுக என்பதும் அதன் கருத்து. தெளியும்வரை பொதுமையில் நிற்றல், தெளிந்தபின் சிறப்பிற்குச் செல்லுதல் என்னும் ஒழுங்கு இது. தொல்காப்பியர் கணினியை எண்ணி எழுதினார் எனக் கூறுவது நகைப்புக்கிடமாகும். ஆயின், தெளியாததைத் தெளிந்ததாகப் பெயரிடாதே என்னும் அறிவொழுக்கம் எம்மொழிக்கும் பொது. பொருளின் இயல்பு தெரியாதவரை பொது இடைமுகத்தால் அதனைக் கையாளுதலும், வினவித் தெளிந்தபின் சிறப்பு இடைமுகத்தால் அழைத்தலும் அவ்வொழுக்கத்தின்பாற்பட்டனவே.

இவ்வாதத்தின் முடிவு கற்பித்தலைப் பற்றியது. இலங்கைப் பாடசாலைகளிற் க.பொ.த. சாதாரண தரத் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பயின்ற மாணவர் பலர் செய்நிரலாக்கத்தின் அரிச்சுவடியைப் பஸ்கால் மொழியிலேயே கற்றனர். தொகுப்பான் காட்டும் பிழைச்செய்தியைப் பகைவனின் சொல்லாகக் கருதி, அதனை எவ்வாறாயினும் அடக்குவதே திறமை என எண்ணும் மாணவன், பின்னர் எம்மொழிக்குச் சென்றாலும் அம்மனப்பான்மையையே எடுத்துச் செல்வான். வைத்தியசாலையின் நோயாளர் பதிவேட்டையும் வங்கியின் கணக்கேட்டையும் அவன் எழுதக்கூடும். அங்கு 'காட்டு' என ஏவியபோது 'நீக்கு' நிகழுமாயின், இழப்பு அவனுடையதாக இராது. செய்நிரல் என்பதையே அறியாத எளியோருடையதாக இருக்கும். ஆதலின் இது வெறும் நடையழகுப் பிரச்சினை அன்று, பொறுப்புப் பிரச்சினை.

வலிந்த வகைமாற்றம் முற்றாக விலக்கப்படவேண்டும் என்பதன்று கோரிக்கை. இயங்குதளத்தோடு நேரே பேசும் சில இடங்களில் அது வழுவமைதியாக நிற்கத் தகும். ஆனால் அமைதி பெறுவதற்குக் காரணம் வேண்டும். அக்காரணம் செய்நிரலிலேயே அருகில் எழுதப்படல் வேண்டும். எழுதியவர் தவிர்ந்த ஒருவரால் அது ஏற்றுக்கொள்ளப்படல் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்து அது வழுவே. தொகுப்பான் வழிவிட்டது என்பது நிரபராதி என்னும் தீர்ப்பன்று; சாட்சி அழைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். சாட்சியை அழையாது தீர்ப்பெழுதும் வழக்கத்தைத் திறமை எனப் போற்றும் மனப்பான்மை மாறும்வரை, விர்த் வகுத்துத் தந்த ஒழுங்கு பெயரளவிலேயே வாழும்.